கூகுள் ஸ்லைட்ஸில் கதைப்பின்னல் கற்பிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

6 முதல் 10-ஆம் வகுப்பு வரை தமிழ் நடத்துபவர்களுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் எழுதியது. கதைப்பின்னல் என்பது நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து கோத்திருக்கும் விதம். கருவி கூகுள் ஸ்லைட்ஸ். எடுத்துக்காட்டுக்கு எல்லோருக்கும் தெரிந்த மனுநீதிச் சோழன் கதையைப் பெரிய புராணம் சொல்கிறபடி எடுத்திருக்கிறோம். திருவாரூர் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி. இளவரசன் தேரில் போகையில் ஒரு கன்று துள்ளி வந்து சக்கரத்தில் சிக்கி இறக்கிறது. தாய்ப்பசு கொம்பால் மணியை அடிக்கிறது. அமைச்சர்கள் கழுவாய் செய்யச் சொல்கிறார்கள். அரசன் மறுத்து, மகன்மேல் தேரை ஓட்டச் சொல்லி ஓர் அமைச்சனை அனுப்புகிறான். அவன் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விடுகிறான். அரசனே தேரேறுகிறான். இறைவன் தோன்ற, இறந்தவர்கள் எல்லோரும் எழுகிறார்கள்.

கரும்பலகையில் கதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் முக்கோணம் வரைந்து நடத்திவிடலாமே, ஸ்லைடு எதற்கு?

நடத்தலாம். நன்றாகவே நடக்கும். ஆனால் பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், கலைத்துப் பார்க்க மாட்டார்கள். ஸ்லைடில் கலைக்க நான்கு வழி உண்டு. ஒரு ஸ்லைடை இழுத்து வேறிடத்தில் வைக்கலாம், 'ஸ்கிப்' செய்து மறைக்கலாம், நகல் எடுத்து மாற்றி எழுதலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்கலாம். இந்த நான்கும் கதைப்பின்னலைப் பற்றிய நான்கு கேள்விகள்: இந்த நிகழ்ச்சி ஏன் இங்கே வருகிறது? இது இல்லாவிட்டால் கதை நிற்குமா? வேறு முடிவு பொருந்துமா? பாத்திரம் வேறு வழியைத் தேர்ந்தால் என்ன ஆகும்? இந்த நான்கையும் பயன்படுத்தாமல் பாடக் குறிப்பை அழகாகக் காட்டுவதுதான் திட்டம் என்றால் சுண்ணக்கட்டியே போதும், மின்சாரமாவது மிச்சம்.

எத்தனை ஸ்லைடு வேண்டும்?

எட்டு. தொடக்கச் சூழல், தூண்டும் நிகழ்ச்சி, சிக்கல் 1, சிக்கல் 2, சிக்கல் 3, உச்சம், இறக்கம், முடிவு. தலைப்பு ஸ்லைடு வேண்டாம். கொடுத்தால் முதல் இருபது நிமிடம் எழுத்துக்கு நிழல் போடுவதிலேயே போய்விடும்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் மூன்று இடங்கள். இடப்பக்கம் படம். வலப்பக்கம் நிகழ்ச்சியைச் சொல்ல ஒரு பெட்டி, 20 சொல்லுக்கு மேல் கூடாது. அடியில் நீளவாக்கில் ஒரு பட்டை. அதில் 'அதனால்' அல்லது 'ஆனால்' என்று தொடங்கும் ஒரே வாக்கியம், அடுத்த ஸ்லைடுக்குக் கொண்டுபோக. பாடத்தின் உயிர் இந்தப் பட்டைதான்.

அந்தப் பட்டைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கதை சொல்லச் சொன்னால் பிள்ளைகள் 'அப்புறம்… அப்புறம்…' என்றுதான் கோர்ப்பார்கள். 'கன்று இறந்தது, அப்புறம் பசு மணி அடித்தது, அப்புறம் அரசன் வந்தான்.' நிகழ்ச்சிகள் வரிசையில் இருக்கின்றன, ஆனால் ஒன்று இன்னொன்றைப் பிறப்பிக்கவில்லை. பட்டையில் 'அப்புறம்' தடை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'கன்று இறந்தது. அதனால் பசு நீதி கேட்டு மணியை அடித்தது.' 'அமைச்சர்கள் கழுவாய் போதும் என்றார்கள். ஆனால் அரசன் தன் மகனுக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்பதை ஏற்கவில்லை.' எங்கே இரண்டு சொல்லுமே ஒட்டவில்லையோ, அங்கே ஒரு நிகழ்ச்சி விட்டுப்போயிருக்கிறது, அல்லது தேவையற்றது ஒன்று நுழைந்திருக்கிறது.

இந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போவது மணி. முதல் ஸ்லைடில் 'நல்லாட்சி செய்த அரசன்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். மூன்றாவது ஸ்லைடில் பசு எங்கிருந்தோ வந்த மணியை அடிக்கும். குறை சொல்லும் எவரும் அடிக்கலாம் என்று அரசனே கட்டிய மணி அது என்பது முதல் ஸ்லைடில் இருந்தாக வேண்டும்.

டெம்ப்ளேட் எப்படிச் செய்வது? பிள்ளைகள் பெட்டிகளை இழுத்துக் குலைத்துவிடுகிறார்களே?

கட்டத்தையும் தலைப்புச் சொற்களையும் ஸ்லைடின் மேல் வரையாதீர்கள். 'தீம் பில்டர்' உள்ளே வரையுங்கள். அங்கே வரைந்தது சாதாரணத் திருத்தத்தில் அசையாது.

1. 'வியூ' மெனுவில் 'தீம் பில்டர்' திறந்து புதிய லேஅவுட் (ஸ்லைடின் அமைப்பு) ஒன்று சேர்க்கவும்.
2. அதில் கட்டக் கோடுகளையும் அடிப்பட்டையையும் வரையவும். இயல்பான 16:9 ஸ்லைடு 10 அங்குல அகலம், சுமார் 5.6 அங்குல உயரம். எழுதும் இடம் 5 அங்குல அகலம், 3.2 அங்குல உயரம், பட்டை 0.8 அங்குல உயரம் என்று வைத்தால் சரியாக அமையும்.
3. பிள்ளைகள் எழுத வேண்டிய இடங்களில் வெறும் பெட்டி வேண்டாம், 'பிளேஸ்ஹோல்டர்' (லேஅவுட்டோடு வரும், நிரப்ப வேண்டிய காலிப் பெட்டி) போடவும். எழுத்தளவு 20.
4. 'ஃபார்மட் ஆப்ஷன்ஸ்' போய் 'டூ நாட் ஆட்டோஃபிட்' தேர்வு செய்யவும்.
5. வெளியே வந்து அந்த லேஅவுட்டில் எட்டு ஸ்லைடு உண்டாக்கவும்.

நான்காவது படியைத் தவறவிட்டால் எழுத்துத் தானாகச் சுருங்கும். அறுபது சொல் எழுதினாலும் பெட்டிக்குள் அடங்கிவிடும். யாருக்கும் படிக்க முடியாது, வரம்பு மீறியதும் தெரியாது. ஆட்டோஃபிட் இல்லாவிட்டால் எழுத்து பெட்டிக்கு வெளியே வழியும். வழியட்டும், மாணவரே வெட்டுவார்.

மனுநீதிச் சோழன் கதையில் உச்சம் எது? கன்று இறப்பது என்றுதான் பாதி வகுப்பு சொல்கிறது.

மனத்தை மிகவும் உலுக்கும் இடத்தை உச்சம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை அது. சரிபார்க்க ஒரு வழி: கதை எழுப்பும் பெரிய கேள்வியை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். இங்கே கேள்வி, 'குற்றவாளி சொந்த மகனாக இருந்தாலும் அரசனின் நீதி நிற்குமா?' கன்று இறக்கும்போது இந்தக் கேள்வி பிறக்கவே இல்லை. அது கேள்வியைத் தூண்டும் நிகழ்ச்சி, இரண்டாவது ஸ்லைடு. கேள்விக்கு மாற்ற முடியாத விடை எந்த ஸ்லைடில் கிடைக்கிறதோ அதுதான் உச்சம்: அரசன் மகன்மேல் தேரை ஓட்டும் இடம்.

சில மாணவர்கள் கழுவாயை மறுக்கும் இடத்தைச் சொல்வார்கள். அது நல்ல பதில், அடித்துவிடாதீர்கள். முடிவெடுப்பது அங்கே, செயல் இங்கே. மறுத்த பிறகும் அவன் பின்வாங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது, அமைச்சனிடம் வேலையை ஒப்படைக்கிறானே! அதனால் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

ஒரு நிகழ்ச்சி கதைக்குத் தேவையா என்று எப்படிச் சோதிப்பது?

ஸ்லைடின்மேல் வலது சொடுக்கு, 'ஸ்கிப் ஸ்லைடு'. இப்போது பிரசன்டேஷனை ஓட்டினால் அது வராது, ஆனால் அழியவும் இல்லை. பட்டைகளை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அமைச்சன் உயிர்விடும் ஸ்லைடில் இதைச் செய்து பாருங்கள். சோகத்துக்காகச் சேர்த்தது என்றே பலர் நினைத்திருப்பார்கள். மறைத்ததும், 'அரசன் அமைச்சனுக்கு ஆணையிட்டான், அதனால்…' என்ற பட்டைக்கு அடுத்து அரசன் தேரில் நிற்கிறான். ஏன் அவனே ஏறினான்? விடை மறைந்த ஸ்லைடில் இருக்கிறது. பிறகு, பிள்ளைகளே சேர்த்த அலங்கார நிகழ்ச்சி ஏதாவது இருந்தால், இளவரசன் தேரை அலங்கரித்தது போல, அதையும் ஸ்கிப் செய்யுங்கள். எதுவும் அறுபடாது. ஒரு முழு வகுப்பு நேரத்தை இதற்குக் கொடுத்தாலும் தகும்.

கதையை நடுவிலிருந்து தொடங்கினால்?

இடப்பக்கப் பட்டியலில் மணி அடிக்கும் ஸ்லைடைப் பிடித்து முதலிடத்துக்கு இழுங்கள். நள்ளென்று மணி ஒலிக்கிறது, அரசன் ஓடி வருகிறான், வாசலில் ஒரு பசு! ஈர்ப்பு கூடிவிட்டது. ஆனால் பட்டைகள் பொய்யாகிவிட்டன. பின்னால் நகர்ந்த ஸ்லைடுகளுக்கு 'அதனால்' போய் 'ஏனென்றால்' வர வேண்டும். அதை எழுதும்போதுதான் நிகழ்ந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு என்பது புரியும். இதற்கு முன் கோப்பை நகல் எடுத்துவிடுங்கள். இரண்டு வடிவத்தையும் 'கிரிட் வியூ'வில் அருகருகே இரண்டு ஜன்னலில் வைத்துப் பார்க்கலாம்.

முக்கோண வரைபடத்தைக் காட்டலாமா? நாடகக் கதை வளரும் ஐந்து கட்டங்களாக நம் மரபில் சொல்லும் ஐந்து சந்திகளோடு அது பொருந்துமா?

முக்கோணம் ஜெர்மானியரான குஸ்டாவ் ஃபிரைடாக் 1863-இல் நாடகக் கலையைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தது. அவர் பேசியது ஐந்தங்க நாடகத்தைப் பற்றி. அதனால்தான் உச்சி நட்டநடுவில் இருக்கிறது. சிறுகதைக்கும் நாட்டுக்கதைக்கும் அப்படியே காட்டினால், எட்டு ஸ்லைடில் நாலாவதுதான் உச்சம் என்று பிள்ளைகள் எண்ணிப் போட்டுவிடுவார்கள். உச்சியை வலப்பக்கம் தள்ளி வரையுங்கள். ஏறுவதற்கு நீண்ட சரிவு, இறங்குவதற்குக் குறுகியது.

ஐந்து சந்திகளைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று சொல்லி, விதை முளைப்பதிலிருந்து விளைந்ததை அறுத்து உண்பது வரை உழவோடு ஒப்பிடுகிறார். இரண்டிலும் ஐந்து இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று கோடு இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். முக்கோணத்தில் மூன்றாவது உச்சி, பிறகு வீழ்ச்சி. சந்திகளில் மூன்றாவது கருப்பம். பயிர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, நான்காவதில்தான் விளைகிறது. 9, 10-ஆம் வகுப்பில் இந்த வேறுபாட்டையே விவாதப் பொருளாக வைக்கலாம். சிறிய வகுப்புகளுக்கு இரண்டில் ஒன்று போதும்.

டெம்ப்ளேட்டை மாணவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

கூகுள் கிளாஸ்ரூம் இருந்தால் அசைன்மென்டில் கோப்பை இணைத்து 'மேக் எ காப்பி ஃபார் ஈச் ஸ்டூடன்ட்' தேர்வு செய்யுங்கள். அனுப்புவதற்கு முன்பே இதைத் தேர்வு செய்ய வேண்டும். அனுப்பிய பிறகு நினைவு வந்தால் அந்த அசைன்மென்டை நீக்கிப் புதிதாகப் போடுவதுதான் வழி.

கிளாஸ்ரூம் இல்லாவிட்டால், கோப்பை 'எனிஒன் வித் த லிங்க்', 'வியூவர்' என்று பகிர்ந்து, முகவரியின் முடிவில் உள்ள 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அழித்து, அந்த இடத்தில் 'காப்பி' என்பதற்கான நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். அந்த இணைப்பைச் சொடுக்குபவருக்கு 'நகல் எடுக்கவா?' என்ற பக்கம்தான் திறக்கும். உங்கள் மூலக் கோப்பை யாரும் தொட முடியாது. சொடுக்குபவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். பகிர்வு அமைப்பில் பார்வையாளர் நகல் எடுப்பதைத் தடுத்து வைத்திருந்தால் இது வேலை செய்யாது.

எல்லோரும் ஒரே கோப்பில் எழுதினால் என்ன?

ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் 40 பிள்ளைகள் ஒரே கோப்பில் நுழைந்தால் பக்கத்துக் குழுவின் ஸ்லைடில் சிரிப்புப் பொம்மை ஒட்டுவது முதல் ஐந்து நிமிடத்திலேயே தொடங்கிவிடும். நாலு பேருக்கு ஒரு கோப்பு என்பது சரியான அளவு. ஆளுக்கு இரண்டு ஸ்லைடு என்று பிரித்துக் கொடுத்தால், தன் கடைசிப் பட்டையை எழுத அடுத்தவரின் ஸ்லைடைப் படித்தாக வேண்டியிருக்கும்.

கணக்கில்லாமலே எழுதலாம் என்று 'எடிட்டர்' இணைப்பை வெளியே விட்டால், எழுதியவர்கள் பெயருக்குப் பதிலாக விலங்குப் பெயர்களில் தெரிவார்கள். யார் எதை மாற்றினார் என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

ஒரு மாணவர் வேறொருவரின் ஸ்லைடை அழித்துவிட்டார். மீட்க முடியுமா?

முடியும். உடனே தெரிந்தால் அழித்தவரே 'கன்ட்ரோல்', 'இசட்' அழுத்தட்டும். நேரம் கடந்துவிட்டால் 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'. ஆனால் 'ரீஸ்டோர்' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அது முழுக் கோப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும், அதற்குப் பிறகு மற்ற மூவர் எழுதியதும் மறைந்துவிடும். பழைய வடிவத்தைத் தனி நகலாக எடுத்து, அதிலிருந்து தொலைந்த ஸ்லைடை மட்டும் இங்கே ஒட்டுங்கள்.

தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டியிருக்கிறீர்கள். யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

தமிழ் யூனிகோடே சரியாக இருந்து, பவர்பாயின்ட்டில் லதாவிலோ நிர்மலாவிலோ அழகாக இருந்தது இங்கே வரி தள்ளி வந்தால், அந்த எழுத்துரு இங்கே இல்லாததால் வேறொன்று அந்த இடத்தில் வந்திருக்கிறது. எழுத்துருப் பட்டியலில் 'மோர் ஃபான்ட்ஸ்', அங்கே 'ஸ்கிரிப்ட்' என்பதில் தமிழ். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் திரையில் தெளிவாக நிற்கும். டெம்ப்ளேட்டிலேயே ஒன்றை வைத்துவிடுங்கள்.

மாணவர்களிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது.

உலாவியில் வேண்டாம், செயலியை நிறுவச் சொல்லுங்கள். எழுதலாம், படம் சேர்க்கலாம், ஸ்லைடை அழுத்திப் பிடித்து இடம் மாற்றலாம். தீம் வேலை கைபேசியில் நடக்காது. டெம்ப்ளேட்டைக் கணினியில் முடித்துக் கொடுங்கள். தமிழில் தட்ட கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டு போதும். பெரும்பாலான நாடுகளில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் மேற்பார்வைக் கணக்கில்தான் கூகுள் சேவைகளைப் பயன்படுத்த முடியும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் இணையம் நம்பும்படி இல்லை.

குரோமில் கோப்பைத் திறந்து 'ஃபைல்' மெனுவில் 'மேக் அவெய்லபிள் ஆஃப்லைன்' கொடுத்தால் இணைப்பு இல்லாமலும் திருத்தலாம். இணைப்பு இருக்கும்போதே இதைச் செய்து வைக்க வேண்டும். போன பிறகு செய்ய முடியாது. கைபேசியில் எடுத்த பெரிய படங்களைச் சிறிதாக்கிவிட்டுச் சேர்த்தால் பாதித் தொல்லை குறையும்.

இணையமே கிடையாது என்றால், அச்சு முன்னோட்டத்தில் பக்கத்துக்கு நாலு ஸ்லைடு வரும்படி 'ஹேண்ட்அவுட்' தேர்வு செய்து அச்சடித்து, வெட்டி, தரையில் பரப்புங்கள். இழுப்பதும் ஸ்கிப்பும் கையாலேயே நடக்கும்.

விடைகளை ஸ்பீக்கர் நோட்ஸில் (ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பகுதியில்) எழுதி வைக்கலாமா?

கூடாது. இணைப்பு உள்ள எவரும் அதைப் பார்க்கலாம், 'வியூவர்' உட்பட. ஸ்கிப் செய்த ஸ்லைடும் அப்படித்தான்.

திருத்தம் சொல்ல எது நல்லது?

கமென்ட். கூகுள் டாக்ஸில் இருப்பது போல, மூலத்தை மாற்றாமல் திருத்தத்தைப் பரிந்துரையாகக் காட்டும் 'சஜெஸ்டிங்' முறை ஸ்லைட்ஸில் கிடையாது. நீங்கள் பெட்டிக்குள் எழுதினால் மாணவர் எழுதியது அப்படியே மாறிவிடும். சொல்லைத் தேர்ந்து 'கன்ட்ரோல்', 'ஆல்ட்', 'எம்' அழுத்திக் கேள்வியாக எழுதுங்கள்: 'அரசனுக்கு இது எப்படித் தெரிந்தது?' பதிலைக் கமென்டில் எழுதிவிட்டு ஸ்லைடை மாற்றாமல் விடுபவர்கள் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு முடிவுகளுக்குக் கிளை பிரிக்க முடியுமா?

ஏழாவது, எட்டாவது ஸ்லைடுகளை நகலெடுத்து வேறு முடிவு எழுதுங்கள். ஆறாவதில் இரண்டு பொத்தான் வரைந்து, 'இன்சர்ட் லிங்க்', 'ஸ்லைட்ஸ் இன் திஸ் பிரசன்டேஷன்' மூலம் ஒவ்வொன்றுக்கும் இணைப்புக் கொடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது பொத்தானைத் தவறவிட்டு வெற்றிடத்தில் சொடுக்கினால் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். அதைத் தடுக்க, நிறமற்ற ஒரு செவ்வகத்தை ஸ்லைடு முழுக்க விரித்து, அதே ஸ்லைடுக்கே இணைப்புக் கொடுத்து, பொத்தான்களுக்குக் கீழே அனுப்பிவிடுங்கள்.

இறைவன் தோன்றாத முடிவை எழுதச் சொல்லிப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும்.

படங்கள் எங்கிருந்து எடுப்பது?

தாங்களே வரைந்து கைபேசியில் படம் எடுப்பதுதான் சிறந்தது. இணையத்தில் தேடிக் கிடைப்பதெல்லாம் பயன்படுத்த உரிமையுள்ளவை அல்ல.

மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?

பத்துக்கு: காரணப் பட்டைகளுக்கு 4, உச்சத்தைச் சரியாக நிறுத்தியதற்கு 2, நிகழ்ச்சித் தேர்வுக்கு 2, மொழிக்கு 2. வடிவமைப்புக்குச் சுழியம். அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அசையும் எழுத்துகள் தாமாகக் குறையும்.

பவர்பாயின்ட், கேன்வா, ஸ்லைட்ஷேர்?

பவர்பாயின்ட்டின் இணைய வடிவிலும் கூட்டாக எழுதலாம். பள்ளியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கேன்வா பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசம், ஆனால் வார்ப்புருக்களின் கவர்ச்சியில் கதை கரைந்துவிடும். 2006-இல் தொடங்கி 2012-இல் லிங்க்ட்இன் வாங்கி, 2020-இல் ஸ்கிரிப்ட் (Scribd) நிறுவனத்துக்குப் போன ஸ்லைட்ஷேர், முடிந்ததை வெளியிடும் இடம். சேர்ந்து எழுதும் இடம் அல்ல. இந்தப் பாடத்துக்கு உதவாது.

பருவம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

எல்லாக் கோப்புகளின் பகிர்வையும் 'ரெஸ்ட்ரிக்டட்' நிலைக்கு மாற்றுங்கள். 'பப்ளிஷ் டு வெப்' கொடுத்திருந்தால் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். பகிர்வை மாற்றுவதால் மட்டும் அது நிற்காது. பிள்ளைகளின் முழுப் பெயரும் முகமும் உள்ள ஸ்லைடுகளைப் பெற்றோர் குழுவில் அனுப்புவதாக இருந்தால் பெயரை எடுத்துவிட்டு பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள்.